விரிசல் மேல் ஒட்டிய கண்ணாடி

அன்புள்ள தம்பிக்கு,

அக்காவின் ஆசிகள். எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அப்படி எழுதினால் அது பொய். எல்லாரும் உயிரோடு இருக்கிறோம், மூன்று வேளையும் சாப்பிடுகிறோம் என்று வைத்துக்கொள். என் குட்டி சிலேட்டில் உன் படம் வரைந்திருக்கிறாள். மீசை மட்டும்தான் நீ, மற்றதெல்லாம் பூனை.

இந்தக் காலத்தில் எதற்கு இவள் கடிதம் எழுதுகிறாள் என்று சிரிக்காதே. போனில் பேசினால் அப்பா வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறார். காது மந்தம் என்று ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார். அப்புறம் நீயும் நானும் பேசுவதைத் தெருவே கேட்டு, நடுவில் யோசனை வேறு சொல்கிறது. மெசேஜ் அனுப்பினால் நீ பதறிப்போய் உடனே கூப்பிடுவாய். கதை திரும்ப ஸ்பீக்கருக்கே வரும். இது அப்பா காதுக்குப் போகக் கூடாத விஷயம். அதனால் ரொட்டி ஆலையில் மதிய இடைவேளையில் மாவு மூட்டை மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். தாளில் மாவு இருந்தால் தட்டிவிட்டுப் படி.

சுற்றி வளைக்க எனக்குத் தெம்பில்லை. நம் வீட்டை இடித்துவிடுவார்கள் போலிருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது, தம்பி.

எப்படி வந்தது இந்த வினை என்று கேட்பாய். குடியிருப்புகளைச் சீர்படுத்த என்று மத்திய அரசு நகரசபைக்கு மானியம் கொடுக்கிறது இல்லையா? போன தடவை அந்தப் பணத்தில் நகரசபை வாசலில் ஒரு நீரூற்று கட்டினார்கள். அதில் தண்ணீர் வந்து பார்த்தவர் இன்னும் பிறக்கவில்லை. அதனால் இந்தத் தடவை மேலிடத்தில் கறாராகச் சொல்லிவிட்டார்களாம். பணம் சாக்கடைக்கும் விளக்குக்கும் நடைபாதைக்கும்தான் போகவேண்டும், அதுவும் ஊரிலேயே மோசமான தெருவுக்கு. வருஷம் முடிவதற்குள் வேலை நடக்காவிட்டால் பணம் வந்த வழியே திரும்பிவிடும். இந்தச் சேதியைக் கொண்டுவந்தது நம் ரேடியோ. நகரசபை ஜீப் ஓட்டுகிறானே, அவன்தான். பின்சீட்டில் அதிகாரிகள் பேசுவது பாதி, இவன் கைச்சரக்கு பாதி. ஆனால் இந்தத் தடவை சொன்னது முழுக்க நிஜம். 'நம்ம தெருவும் மார்க்கெட் பின்னாடித் தெருவும்தான் போட்டி. யாரு மோசம்னு பார்க்க ஆளுங்க வர்றாங்க' என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டுப் போனான்.

நம் தெருவுக்கு அந்தப் பணம் வேண்டாமா என்றால், வேண்டும். சந்துப் பக்கம் ஓடும் பழைய சாக்கடை உனக்குத் தெரியும். ஒரு மழை பெய்தால் சாக்கடை தெருவுக்கு வருகிறது, தெரு வீட்டுக்குள் வருகிறது. போன மழையில் பக்கத்து வீட்டு வாட்ச் ரிப்பேர்க்காரரின் மகள் காய்ச்சலில் படுத்து, பிழைத்ததே பெரிய பாடாகிவிட்டது.

டீச்சரை நீ மறந்திருக்க மாட்டாய். காதைத் திருகியே உன்னை அஞ்சாம் வகுப்பு வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்தவர். ஓய்வு பெற்றபின் தெருச் சங்கத் தலைவி ஆகிவிட்டார். ரேடியோ சொன்னதைக் கேட்டதும் பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு நாடகம் போடுகிறமாதிரி எல்லாருக்கும் வேஷம் பிரித்துக் கொடுத்தார். நல்ல திரைச்சீலையெல்லாம் உள்ளே, கிழிந்த சாக்கெல்லாம் வெளியே. வாட்ச் ரிப்பேர்க்காரர் அப்போதுதான் கேட்டுக்குப் பெயிண்ட் அடித்திருந்தார். அதன்மேல் சேற்றைப் பூசச் சொன்னதும் மனிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டே பூசினார். மளிகைக்கடைக்காரருக்கு இருமுகிற வேஷம். ஒத்திகையிலேயே தொண்டை புண்ணாகி, அதிகாரிகள் வந்த அன்று நிஜமாகவே படுத்துவிட்டார். சாக்கடைத் தண்ணீரை யாரும் தள்ளிவிடக் கூடாது என்று உத்தரவு. நான் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு சமைத்தேன்.

அப்பா முதலில் கேலிதான் பண்ணினார். 'கட்டின கையால வீட்டை அசிங்கப்படுத்தவா? போங்கம்மா' என்றார். டீச்சர் விடுவாரா? ஜீப் திரும்பியதும் முதலில் கண்ணில் படுவது உங்கள் சந்துப் பக்கச் சுவர்தான், அது பளபளவென்று நின்றால் நாங்கள் சேறு பூசி என்ன பிரயோஜனம் என்று பிடித்துக்கொண்டார். கடைசியில் அப்பா சுத்தியலை எடுத்தார். கொஞ்சம் பூச்சை உதிர்த்துச் செங்கல்லைக் காட்டிவிட்டால் போதும், அதிகாரிகள் போனதும் ஒரு சட்டிக் கலவையில் அடைத்துவிடலாம் என்று எண்ணம். நான் துடைப்பத்தோடு பின்னாலேயே போனேன்.

நாலு தட்டுத் தட்டினார். பூச்சு பாளம் பாளமாக விழுந்தது. திடீரென்று நிறுத்திவிட்டார். சுத்தியலைத் திருப்பிப் பிடித்து, கைப்பிடியால் இங்கே ஒரு தட்டு, அங்கே ஒரு தட்டு. அப்புறம் சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். அங்கே மேலிருந்து கீழாக ஒரு விரிசல் ஓடியிருந்தது. 'என்னப்பா, சுவருக்கு நாடி பார்க்கிறீங்களா?' என்று நான் கேலி பண்ணினேன். கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனவர் அன்றைக்குச் சாப்பிடவில்லை. தான் கட்டிய வீட்டைத் தானே அடித்த வருத்தம் என்று நானும் விட்டுவிட்டேன்.

அதிகாரிகள் வந்தார்கள், பார்த்தார்கள், முகத்தைச் சுளித்தார்கள். நம் தெரு ஜெயித்தது. டீச்சர் எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்தார். அந்த மிட்டாய் வாயில் கரைவதற்குள் பெயிண்ட் டப்பாவோடு ஆட்கள் வந்தார்கள். எல்லா வீட்டுச் சுவரிலும் நீல வட்டம் போட்டார்கள். தெருக்கோடியில் நம் வீட்டுக்கும் வாட்ச் ரிப்பேர்க்காரர் வீட்டுக்கும் அதையடுத்த இரண்டுக்கும் மட்டும் சிவப்பு வட்டம். சாயங்காலம் ரேடியோ வந்தான். வாய் ஓயாத பயல் வாயைத் திறக்காமல் நின்றான். உலுக்கிக் கேட்டபிறகு, 'நீலம்னா ரிப்பேர், அக்கா. சிவப்புன்னா...' என்று கையைத் தரையோடு தரையாகத் தடவிக் காட்டினான். சரிபண்ண முடியாத வீடுகளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பூங்கா போடவும் மானியத்தில் வழி இருக்கிறதாம். வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்டுக்கொண்டோம்.

அப்பாவிடம் சிவப்புக்கு அர்த்தம் சொல்லவில்லை. ஏதோ நம்பர் போடுகிறார்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவரும் கேட்கவில்லை. ஆனால் அவர் நடப்பு ஒன்றும் சரியில்லை. அந்த விரிசலைக் கலவை வைத்து அடைக்கச் சொன்னால், என் முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்துக்கொண்டுபோய் நீளமாக ஒரு துண்டு அறுத்து, விரிசலின் குறுக்கே வைத்து, இரண்டு பக்கமும் சிமெண்டால் ஒட்டிவிட்டு வந்திருக்கிறார். சுவர் முகம் பார்த்துக்கொள்ளவா என்று கத்தினேன். காலையில் எழுந்ததும் முதல் வேலையாகப் போய் அதைப் பார்த்துவிட்டு வருகிறார். மாடியில் இருந்த தண்ணீர் டிரம்மை வாளி வாளியாகக் காலி பண்ணிக் கீழே இறக்கிவிட்டார். உன் இரும்புப் பெட்டி, கட்டில், புஸ்தகக் கட்டு எல்லாம் கீழே வந்துவிட்டன. மேலே பூஞ்சை பிடிக்கிறதாம். மாடிக்கு நீ அனுப்பப்போகிற டைல்ஸ் வேண்டாம் என்று எழுதச் சொன்னார். ஏன் என்றால், கலர் பிடிக்கவில்லையாம். கலரே இன்னும் முடிவாகவில்லை. மனிதருக்கு வயதாகிவிட்டது.

நானும் குட்டியும் வந்து ஒண்டிக்கொள்ள இருந்த இடம் இது ஒன்றுதான். உன் கல்யாணத்துக்கு என்று நீ அங்கே வெயிலில் காய்ந்து, பணம் அனுப்பி எழுப்பிய மாடி அதன்மேல் நிற்கிறது. உனக்குத் தெரிந்த வக்கீல் யாராவது இருந்தால் கேட்டு எழுது. அப்பாவிடம் மூச்சு விடாதே. வேளைக்குச் சாப்பிடு.

உன் தட்டில் இருந்ததைப் பிடுங்கித் தின்றே வளர்ந்த,
அக்கா

*

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை ஆலை வாசலிலேயே பிரித்துப் படித்தேன். ஒரு செங்கல்லைத் தொட்டால் கையை உடைப்பேன் என்று எழுதியிருக்கிறாய். அத்தனை தூரத்திலிருந்து எப்படி உடைப்பாய் ராசா? இருந்தாலும் படித்ததும் கொஞ்சம் தைரியமாக இருந்தது. நேரில் போய்க் கேட்டுப் பார்க்கலாம் என்று வக்கீல் சொன்னதாக நீ எழுதியதை நம்பி, லீவு போட்டுவிட்டு நகரசபைக்குப் போனேன்.

மேம்பாட்டுப் பிரிவு என்று போர்டு போட்ட அறை. நடு மேஜையில் நம் தெருவைத் தெர்மோகோலில் செய்து வைத்திருக்கிறார்கள். எவ்வளவு அழகாக இருக்கிறது தெரியுமா? குச்சியில் விளக்குக் கம்பம், நீலக் காகிதத்தில் மூடிய சாக்கடை, சக்கர நாற்காலி ஏற ஒவ்வொரு முனையிலும் சரிவு, பச்சை ஸ்பாஞ்சில் மரம். டீச்சர் வீடு இருக்கிறது, மளிகைக்கடை இருக்கிறது. தெருக்கோடிக்கு விரலை நகர்த்திக்கொண்டே போனேன். நம் வீடு இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பெஞ்சு. நம் சமையலறை இருக்குமே, சரியாக அங்கே. பெஞ்சில் இரண்டு பொம்மை மனிதர்கள் உட்கார்ந்து காற்று வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். இன்னும் நாங்கள் அங்கேதான் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம், தம்பி. அதற்குள் எங்கள்மேல் ஆளை உட்கார வைத்துவிட்டார்கள்.

அங்கே இருந்த பெண் நல்ல மாதிரி. தண்ணீர் கொடுத்தாள். மானியப் பணத்தைத் தொடுவதற்கு முன்னால் ஜனங்களைக் கூட்டி வைத்துப் பேசவிடவேண்டும் என்பது மேலிடத்து விதி, வருகிற வாரம் பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம், யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாம், பேசுவதைப் பதிவு பண்ணி மேலே அனுப்புவார்கள் என்றாள். 'உங்க வீடு நல்லா இருக்குன்னா அங்க சொல்லுங்கக்கா. திரும்பப் பார்க்கச் சொல்லலாம்' என்றாள். நம் வீடு நன்றாகத்தான் இருக்கிறது, நாங்கள்தான் உடைத்துக் காட்டினோம் என்று தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. முழுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அதைக் கூட்டத்தில் சொல்வது என்று முடிவு பண்ணிக்கொண்டேன்.

இது எப்படியோ டீச்சர் காதுக்கு எட்டிவிட்டது. மறுநாளே வந்தார். நாடகம் போட்டது வெளியே தெரிந்தால் மொத்த மானியமும் மார்க்கெட் பின்னாடித் தெருவுக்குப் போய்விடும், இனி இந்தத் தெருவை எவனும் திரும்பிப் பார்க்கமாட்டான் என்றார். 'உங்க நாலு வீட்டுக்காக இத்தனை பிள்ளைங்களும் சாக்கடைத் தண்ணியில கெடக்கணுமா?' என்று கேட்டார். எனக்கு வந்ததே கோபம். இடிகிறது உங்கள் வீடாக இருந்தால் இதே வாயால் பேசுவீர்களா, வேஷம் கட்டச் சொன்னது யார், சேறு பூசச் சொன்னது யார் என்று வாசலில் நின்று கத்திவிட்டேன். டீச்சர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து தெருவில் யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. வெங்காயம் வாங்கப் போனால் மளிகைக்கடைக்காரர் தராசைப் பார்த்துக்கொண்டே பேசுகிறார். சிவப்பு வட்டம் என் நெற்றியில் போட்டமாதிரி இருக்கிறது.

சிவப்பு வட்டக்காரர்களாவது ஒன்றாக நிற்பார்கள் என்று பார்த்தேன். வாட்ச் ரிப்பேர்க்காரர், 'பொண்ணு பிழைச்சதே போதும்மா. வாடகைக்குப் பணம் தர்றாங்களாம், நான் கிளம்பிடறேன்' என்கிறார். மற்ற இரண்டு பேரும் அப்படியே. ஆக நான் ஒருத்திதான்.

இதைவிட என்னைப் பயமுறுத்துவது அப்பா. சொல்கிறேன் கேள். போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று பேரும் சமையலறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். வெளியே 'டிக்' என்று ஒரு சத்தம். தட்டில் கல் பட்டமாதிரி சின்னச் சத்தம், அவ்வளவுதான். போன் அடித்தால் கேட்காத மனிதருக்கு அது எப்படிக் கேட்டது என்று தெரியவில்லை. சோற்றுக் கையோடு எழுந்து சந்துப் பக்கம் ஓடினார். போய்ப் பார்த்தால், அவர் ஒட்டியிருந்த கண்ணாடித் துண்டு நடுவில் இரண்டாக உடைந்திருந்தது. உடைந்தால் என்ன, வேறு ஒன்று ஒட்டிக்கொள்ளுங்கள் என்றேன். என்னைப் பார்த்தார் பார், அந்த முகத்தை நான் அம்மா போன அன்றைக்கு மட்டும்தான் பார்த்திருக்கிறேன். உள்ளே வந்து குட்டியைத் தட்டோடு தூக்கி முன்னறையில் உட்கார வைத்தார். என்னப்பா என்றால், 'ஒண்ணுமில்ல, அங்க வெக்கை' என்றார். கண்ணாடியை மாற்றி ஒட்டினார். அதுவும் உடைந்துவிட்டது.

இப்போது சமையல் முன்னறையில், படுக்கை முன்னறையில். மாடிப்படியில் ஏறக் கூடாது என்று குட்டிக்கு அடி விழுகிறது. ஒருநாளும் அவளைத் தொட்டு அடிக்காத மனிதர். பின்கதவு சாத்த மாட்டேன் என்கிறது. இழைப்புளி வைத்துச் சீவினார், இரண்டு நாள் கழித்து மறுபடி பிடித்துக்கொண்டது. எங்கிருந்தோ சவுக்குக் கட்டைகள் வாங்கிவந்து சந்துப் பக்கச் சுவருக்குச் சாய்வாக நிறுத்தியிருக்கிறார். எதற்கு என்றால் துணி காயப்போட என்றார். சரி என்று நான் ஈரப் போர்வையைக் கொண்டுபோய்ப் போட்டேன். அதற்கு என்னைப் பார்த்துக் கத்தினார். காயப்போடத்தானே சொன்னீர்கள் என்றால், அங்கேயே உட்கார்ந்து அழுகிறார். அப்பா அழுகிறார், தம்பி. நான் என்ன செய்வேன்?

அவருக்கு இடிக்கப்போவது தெரிந்துவிட்டது, அந்தத் துக்கத்தில் மூளை கலங்கிவிட்டது என்றுதான் நினைக்கிறேன். வீடு போனால் இவர் தாங்கமாட்டார். அதனால் யார் என்ன சொன்னாலும் கூட்டத்தில் பேசத்தான் போகிறேன். தெரு என்னைக் காறித் துப்பட்டும். நீ கும்பிடுகிற தெய்வத்திடம் எனக்காக ஒரு வார்த்தை சொல்.

கலங்கிப்போயிருக்கும்,
அக்கா

*

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் இதைப் படி. அப்பா, நான், குட்டி மூன்று பேரும் பத்திரமாக இருக்கிறோம். ஒரு கீறல்கூட இல்லை. இதை இன்னொரு தடவை படித்துவிட்டு, உட்கார்ந்துகொண்டு மீதியைப் படி.

கூட்டத்துக்குப் போகும்போது அப்பாவை வரவேண்டாம் என்றேன். கேட்கவில்லை. வெளுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார். மண்டபம் நிறைய ஜனம். மேடையில் கமிஷனர், மேம்பாட்டுப் பிரிவுப் பெண், அப்புறம் சின்ன வயசு இன்ஜினியர் அம்மா ஒருவர். சாக்கடை எப்படி வரும், விளக்கு எங்கே வரும், பூங்காவில் என்ன மரம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். ஜனங்கள் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டல் ஒவ்வொன்றும் என் முதுகில் விழுந்தது. பேச விரும்புகிறவர்கள் வரலாம் என்றதும் எழுந்தேன். மைக்கைப் பிடித்ததும் அது கீச்சென்று அலறியது, எனக்குப் பதிலாக. 'நான் தெருக்கோடி வீட்டுக்காரி. எங்க வீடு...' என்று ஆரம்பித்தேன். டீச்சர் முன்வரிசையில் கண்ணை மூடிக்கொண்டார்.

அப்போது அப்பா எழுந்து வந்து என் கையிலிருந்து மைக்கை வாங்கினார். அவருக்குக் காது கேட்காததால் மண்டபமே அதிரப் பேசினார். 'நான் கொத்தனார். அந்த வீட்டைக் கட்டினவன். அதை இடிங்க' என்றார். எனக்கு வாயில் ஈ போவது தெரியவில்லை. 'இடிங்க. ஆனா வருஷக் கடைசி வரைக்கும் காத்திருக்காதீங்க. மழைக்கு முன்னாடி இடிங்க. அது இடிஞ்சா பக்கத்து வீட்டு மேலதான் சாயும். அங்க ஒரு குழந்தை இருக்கு' என்றார். சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்து இன்ஜினியர் அம்மா முன்னால் வைத்தார். உடைந்த கண்ணாடித் துண்டுகள். என் முகம் பார்த்த கண்ணாடிதான்.

அந்த அம்மா அதைக் கையில் எடுத்ததும் முகம் மாறிவிட்டது. எத்தனை தடவை உடைந்தது என்று மட்டும் கேட்டார். அப்புறம் எனக்குப் புரியும்படி சொன்னார். பழைய விரிசல் என்றால் அது அப்படியே கிடக்கும், கண்ணாடியும் கிடக்கும். சுவர் நகர்ந்துகொண்டிருந்தால் கண்ணாடிக்கு வளையத் தெரியாது, உடைந்துவிடும். சுவரை வேவு பார்க்கக் கட்டட வேலைக்காரர்கள் வைக்கிற ஆள் அது. நான் சுவர் முகம் பார்க்கிறது என்று கேலி பண்ணிக்கொண்டிருந்தேன். அப்பா பக்கத்தில் நின்று, 'கண்ணாடி தாங்கிடும்னு நெனச்சேம்மா. தாங்கிட்டா யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டாம்னு இருந்தேன்' என்றார். யாருக்கும் என்று அவர் சொன்னபோது என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த முதல் தட்டிலேயே அவர் கைக்குத் தெரிந்துபோயிருக்கிறது. நடிக்கத்தான் சுவரைத் தட்டினோம், அது நடிக்கவில்லை.

இன்ஜினியர் அம்மா ஜீப்பை எடுக்கச் சொல்லி அப்போதே வந்துவிட்டார். ரேடியோ அவ்வளவு வேகமாக ஓட்டி நான் பார்த்ததில்லை. சுவரைப் பார்த்தார், அப்பா நிறுத்திய கட்டைகளைப் பார்த்தார், ஒரு சாமான் எடுக்கக்கூட உள்ளே போகக் கூடாது என்று கயிறு கட்டிவிட்டார். நான் குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவில் நின்றேன். எங்கே போவது என்று ஒன்றும் ஓடவில்லை. அப்போது டீச்சர் வந்து என் கையைப் பிடித்தார். 'நாடகம் போட்டது போதும், வா, உள்ள வந்து குழந்தைக்குப் பாலைக் குடு' என்றார். அன்று நான் வாசலில் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். பழைய வாத்தியார் புத்தி, என் காதைத் திருகி உள்ளே தள்ளிவிட்டார். வாட்ச் ரிப்பேர்க்காரர் குடும்பம் மளிகைக்கடை மாடியில். அவர் தன் கேட்டை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகுதான் மழை வந்தது. ஆட்கள் வந்து முட்டுக் கொடுப்பதற்குள் வந்துவிட்டது. மத்தியானம், நான் டீச்சர் வீட்டு ஜன்னலில் நின்றுகொண்டிருந்தேன். பெரிய மழைகூட இல்லை. முதலில் ஒரு பெருமூச்சு மாதிரி கேட்டது. அப்புறம் சந்துப் பக்கச் சுவர் முழங்காலை மடக்கி உட்கார்ந்தது. மாடி அதன்மேல் வந்தது. சமையலறை இருந்த இடத்தில் செங்கல் குவியல். குட்டி அங்கேதான் சிலேட்டை வைத்துக்கொண்டு உட்காருவாள், தம்பி. அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நான் கத்திய கத்தலில் அவள் பயந்து அழுதாள். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

அப்பா மழையில் இறங்கிப் போய்விட்டார். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். உன் மாடி ஜன்னல் சட்டம் மட்டும் உடையாமல் தெருப்பக்கம் வந்து விழுந்திருந்தது, நீ படம் அனுப்பிச் செய்யச் சொன்ன அந்த நீல ஜன்னல். அதை இழுத்துக்கொண்டு வந்து டீச்சர் வீட்டுச் சுவரில் சாய்த்து, தன் துண்டால் துடைத்து வைத்தார். இப்போதும் தினம் துடைக்கிறார்.

மறுநாள் இன்ஜினியர் அம்மா வந்து குவியலைச் சுற்றிப் பார்த்தார். பழைய சாக்கடையில் கசிவு, அது அஸ்திவாரத்தை ரொம்ப நாளாக அரித்திருக்கிறது என்றார். அப்புறம், 'அஸ்திவாரம் ஒத்தத் தளத்துக்குப் போட்டது போல இருக்கே, அதுக்கு மேல...' என்று ஏதோ சொல்ல வந்தார். அப்பா குறுக்கே விழுந்தார். 'சாக்கடைதாம்மா. வேற ஒண்ணுமில்ல, சாக்கடைதான்' என்று தெருவே கேட்கும்படி சொன்னார். அந்த அம்மா அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சாய்த்து வைத்திருந்த ஜன்னலைப் பார்த்தார். 'ஆமாங்க, சாக்கடைதான்' என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல பிள்ளை. எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

ஆகவே சாக்கடைதான் காரணம், தம்பி. அப்பா சொன்னது அதுதான், நானும் அதையே எழுதுகிறேன். நீ அங்கே உட்கார்ந்துகொண்டு கணக்குப் போடுவாய் என்று எனக்குத் தெரியும். போடாதே. சாப்பிடாமல் கிடக்காதே.

வேறு வீடு கிடைக்கிறவரைக்கும் வாடகை மானியத்திலிருந்தே தருவார்களாம். தெருவின் அந்தக் கோடியில் நகரசபை நிலத்தில் நாலு வீடு கட்டித் தருவதாகவும் பேச்சு. சாவி கையில் வருகிறவரைக்கும் நான் நம்பமாட்டேன். புதுச் சாக்கடைக்குத் தோண்ட ஆரம்பித்துவிட்டார்கள். அப்பா தினமும் போய்க் குழியோரம் நின்று, குழாய் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று அவர்கள் உயிரை வாங்குகிறார். வானம் கறுத்தால் எழுந்து நின்றுவிடுகிறார். நானும்தான். டீச்சர் வீட்டுக் கதவு காற்றில் அடித்தால்கூட எனக்குத் தூக்கிவாரிப் போடுகிறது.

நீ லீவு கேட்டிருப்பதாக எழுதியிருந்தாய். கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் வா. நீ வந்து இறங்கியதும் அப்பா உன் கையைப் பிடித்துக்கொண்டுபோய் அந்தப் பழைய சாக்கடையைக் காட்டுவார். இங்கே கசிவு, இங்கே அரிப்பு என்று சொல்லிக்கொண்டே போவார். அவர் மேலே எதுவும் சொல்லமாட்டார், நீயும் மேலே பார்க்காதே. முடிக்கிறவரைக்கும் பொறுமையாக நின்று கேள். அப்புறம், 'ஆமாப்பா, சாக்கடைதான்' என்று அவர் காதுக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொல். அக்காவுக்காக இது ஒன்று போதும்.

நீ நூறு வயசு வாழவேண்டும். சீக்கிரம் வா.

உன் வரவை ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்,
அக்கா